முள்ளந்தண்டுத் திருகாணியும் திரை காட்டும் வழியும்

முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் ஒரு திருகாணி எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதை ரம்பர்சோட் என்ற நிபுணரும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். நாரியின் கடைசி முள்ளென்பில் அது 3.8 மில்லிமீற்றர் விலகினாலும், அல்லது 12.7 பாகை சரிந்தாலும் எலும்புக்குள்ளேயே நிற்கும். நெஞ்சுப் பகுதியின் ஐந்தாம் முள்ளென்பில் அந்தச் சலுகை 0.0 மில்லிமீற்றர், 0.0 பாகை. அங்கே திருகாணியின் பருமனும் அது புகவேண்டிய எலும்பின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே மனிதரின் ஒரே முதுகில், ஒரு முழ தூரத்துக்குள், இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன.

படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே திருகாணியைச் செலுத்தும் ‘நெவிகேஷன்’ முறை நல்லதா, அதற்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாமலே விசாரிக்கிறார்கள். எந்த முள்ளென்பில், எப்படிப்பட்ட முதுகில், யாருடைய கையில் என்று கேட்காதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் தெரிவது இதுதான். கொழும்பில் இருந்துகொண்டு அவற்றைப் படிக்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிடுகிறது: அந்த இயந்திரம் யாருக்கு முதலில் போய்ச் சேரவேண்டும்?

வெள்ளவத்தையில் நாரி நோவு இல்லாத வீடு அரிது. கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் முதுகுகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. ஆனால் நாரி நோவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது. ஓய்வு, பயிற்சி, மாத்திரை, காலம் ஆகியவற்றால் அது தணிந்துவிடும். திருகாணி தேவைப்படுவது வேறு இடங்களில்: சாரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து முள்ளென்பு நொறுங்கும்போது, ஒரு முள்ளென்பு அடுத்ததன் மேல் முன்னால் சறுக்கி நரம்பை நெருக்கும்போது, பிள்ளையின் முதுகு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போகும்போது, காசநோயோ புற்றுநோயோ எலும்பை அரித்துவிடும்போது. அப்போதுதான் குடும்பத்தார் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: “டொக்டர், ஸ்குரூ போட்டால் கால் இழுத்துப்போடுமோ?”

நியாயமான கேள்வி. முள்ளென்பின் முன்புறக் கட்டையையும் பின்புற வளைவையும் இரண்டு குட்டையான எலும்புத் தூண்கள் இணைக்கின்றன. அவற்றின் பெயர் பெடிக்கிள். பின்னாலிருந்து முன்னே போகும் திருகாணி அந்தத் தூணின் ஊடாகத்தான் போகவேண்டும். அந்த எலும்பின் உறுதியான பகுதியும் அதுவே. நாரியின் அடியில் தூணின் அகலம் பதினைந்து மில்லிமீற்றரைத் தாண்டும். நெஞ்சின் நடுப்பகுதியில் நான்கைந்து மில்லிமீற்றர்தான், பென்சிலைவிட மெல்லியது. தூணின் உட்பக்கச் சுவரை ஒட்டி முண்ணாண் எனும் நரம்பு வடம் இறங்குகிறது. கீழ்ச் சுவருக்கு அடியில் நரம்பு வேர் வெளியேறுகிறது. வெளிப்பக்கம் நுரையீரலின் உறை. நெஞ்சுப் பகுதியில் இடது முன்பக்கம் பெருநாடி. எந்தச் சுவரை உடைத்துக்கொண்டு திருகாணி வெளியே வருகிறது என்பதைப் பொறுத்து ஆபத்தின் தன்மை மாறுகிறது.

இந்தத் தூணில் திருகாணி போடலாம் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர் பாரிஸைச் சேர்ந்த ரேமோன் ருவா-கமீய். 1963-இல் அவர் பெடிக்கிள் திருகாணிகளையும் தகடுகளையும் கொண்டு உடைந்த முள்ளந்தண்டைப் பொருத்தத் தொடங்கினார். அதற்கு முன் போல் ஹரிங்டன் அமெரிக்காவின் ஹூஸ்டனில், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்குக் கொக்கியும் கம்பியும் வைத்து நிமிர்த்தியிருந்தார். கொக்கி எலும்பைப் பற்றிக்கொள்ளும். திருகாணி எலும்புக்குள் புகுந்து மூன்று திசையிலும் அதைக் கட்டுப்படுத்தும். 1980-களில் ஆர்தர் ஸ்டெஃபியின் தகடுகளும், பிரான்ஸில் கோட்ரெல், டியூபூசே இருவரும் உருவாக்கிய கம்பி முறையும் பரவியபோது திருகாணி வழக்கமான சிகிச்சையாயிற்று. 1990-களில் அமெரிக்காவில் இதற்கெதிராக ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1998-இல்தான் பெடிக்கிள் திருகாணிகளின் வகைப்பாட்டை மாற்றி, அவற்றின் பயன்பாட்டுக்கு ஒழுங்கான இடம் கொடுத்தது. திருகாணி எங்கே போய் நின்றது என்பதைச் சரிபார்க்கும் பழக்கம் இறுகியதற்கு அந்த வழக்குகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கையால் போடும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். அதன் நுட்பம் புரியாமல் இயந்திரத்தின் பெறுமதி புரியாது. நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். தசை விலக்கப்பட்டு எலும்பின் பின்புறம் சுத்தமாகத் தெரிகிறது. பக்க முளையும் மூட்டும் சந்திக்கும் இடத்தில் நிபுணர் சிறிய துளையிடுகிறார். உள்ளே சிவப்பாக இரத்தம் கசியும் பஞ்செலும்பு தெரிந்தால் வாசல் சரி. பிறகு மொட்டை முனையுள்ள ஊசியை மெல்ல அழுத்தித் திருப்பித் திருப்பி இறக்குகிறார். மென்மையான எலும்புக்குள் அது ஒரே மாதிரியான எதிர்ப்போடு இறங்கவேண்டும். திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போனால் சுவர் உடைந்துவிட்டது என்று பொருள். அடுத்து, நுனியில் குமிழ் வைத்த மெல்லிய கம்பி. அதை உள்ளே விட்டு நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் தடவுகிறார். ஐந்தும் எலும்பாகத் தட்டுப்பட்டால்தான் திருகாணி. இடையிடையே ‘சீ-ஆர்ம்’ எனும் எக்ஸ்ரே இயந்திரம் பக்கவாட்டுப் படமும் நேர்ப் படமும் காட்டும்.

இப்படிக் கையால் போடுவதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிம், லென்கி ஆகியோரின் குழு 2004-இல் தமது பத்தாண்டு அனுபவத்தை வெளியிட்டது. 394 நோயாளிகள், நெஞ்சுப் பகுதியில் 3,204 திருகாணிகள், எல்லாம் கையால் போடப்பட்டவை. அவற்றில் சி.ரி. ஸ்கானால் சோதிக்கப்பட்ட 577-இல் 36 திருகாணிகள், அதாவது 6.2 சதவீதம், கவனிக்கத்தக்க அளவு சுவரைத் துளைத்திருந்தன. ஆனால் நரம்பிலோ இரத்தக் குழாயிலோ ஒருவருக்கும் சேதமில்லை. மிகத் தேர்ந்த கையால் என்ன முடியும் என்பதற்கு இது சான்று. அந்தக் கை எத்தனை நகரங்களில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. வாரத்துக்குப் பல முதுகுகளைத் திறப்பவரின் விரலுக்குத் தெரிவது, மாதத்துக்கு ஒன்று திறப்பவரின் விரலுக்குத் தெரியாது.

சீ-ஆர்முக்கும் ஒரு குறை உண்டு. அது காட்டுவது தட்டையான நிழல். வளைந்தும் முறுகியும் போன முள்ளந்தண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக எலும்புகளின் நிழல் விழும்போது தூண் எங்கே என்று கண் ஏமாந்துபோகும். கதிர்வீச்சு வேறு. பெடிக்கிள் திருகாணி போடும் நிபுணருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, எக்ஸ்ரே துணையோடு செய்யப்படும் மற்ற எலும்புச் சிகிச்சைகளைவிடப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகம் என்று 2000-இல் ரம்பர்சோட் குழுவே அளந்து காட்டியது. ஈயக் கவசம் உடலை மறைக்கும், கைகளை மறைக்காது. தாதியரும் மயக்க மருந்து நிபுணரும் அதே அறையில்தான் நிற்கிறார்கள்.

மூளைச் சத்திரசிகிச்சையில் பட வழிகாட்டல் முதலில் வந்ததற்குக் காரணம் எளிது: மண்டையோடு ஒரே கட்டி, அசையாது. முள்ளந்தண்டில் ஒவ்வொரு முள்ளென்பும் தனியே அசையும். அந்தச் சிக்கலை மீறி 1995 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் நோல்ட்டேயின் குழுவும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கல்ஃபாஸின் குழுவும் பெடிக்கிள் திருகாணிக்குக் கணினி வழிகாட்டலைக் கொண்டுவந்தன.

அது வேலை செய்யும் விதம் இதுதான். முள்ளென்பின் பின் முளையில் ஒரு சிறிய சட்டம் கவ்வி இறுக்கப்படும். அதில் ஒளியைத் திருப்பியனுப்பும் சில குண்டுகள். நிபுணரின் ஊசியிலும் துளைக்கருவியிலும் அதேபோன்ற குண்டுகள். தியேட்டரின் ஒரு மூலையில் நிற்கும் அகச்சிவப்புக் கமரா இரண்டையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நோயாளியின் முப்பரிமாணப் படத்தையும் உண்மையான முதுகையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டால், ஊசியின் நுனி எலும்புக்குள் எங்கே நிற்கிறது என்று திரையில் குறுக்குவெட்டாகவும் நெடுக்குவெட்டாகவும் தெரியும். கதிர்வீச்சைத் தொடர்ந்து பாய்ச்சத் தேவையில்லை.

அந்தப் பொருத்துதல்தான் இந்த முறையின் உயிர். ஆரம்ப காலத்தில் முதல் நாளே சி.ரி. ஸ்கான் எடுத்து, மறுநாள் எலும்பின் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் படத்தோடு இணைத்தார்கள். மல்லாந்து படுத்து எடுத்த படமும் குப்புறப் படுத்த முதுகும் ஒன்றாக இருப்பதில்லை. உடைந்த எலும்பில் நிலைமை இன்னும் மோசம். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஐசோ-சி 3டி போன்ற இயந்திரங்கள் இதை மாற்றின. நோயாளி மேசையில் இருக்கும்போதே அது 190 பாகை சுற்றி வந்து நூறு படங்களை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 சென்ரிமீற்றர் கொண்ட கனசதுரப் பகுதியை முப்பரிமாணமாகக் கட்டித் தரும். பொருத்துதல் தானாகவே நடந்துவிடும். படமெடுக்கும் அந்த இரண்டு நிமிடங்கள் எல்லோரும் அறைக்கு வெளியே நிற்கலாம். பின்னர் வந்த ஓ-ஆர்ம் முழு வளையமாகச் சுற்றி, இன்னும் நீளமான பகுதியைப் படமெடுக்கிறது.

ஆனாலும் திரையில் தெரிவது முதுகின் நேரடிக் காட்சியல்ல. சில நிமிடங்களுக்கு முன் எடுத்த படத்தின் மேல் கருவியின் இடத்தைக் கணினி கணித்து வரைகிறது. உதவியாளரின் முழங்கை சட்டத்தில் பட்டால், அழுத்தும் வேகத்தில் முள்ளென்பு அசைந்தால், சட்டத்திலிருந்து நான்கைந்து முள்ளென்பு தள்ளி வேலை நடந்தால், படம் ஓரிடத்திலும் எலும்பு வேறோரிடத்திலும் இருக்கும். திரை அதைச் சொல்லாது; முன்போலவே தெளிவாகவும் நம்பிக்கையூட்டும்படியும் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்த ஓர் எலும்பு முனையைத் தொட்டு, திரையும் அதே முனையைக் காட்டுகிறதா என்று சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குமிழ்க் கம்பியால் சுவர்களைத் தடவும் பழைய பழக்கத்தையும் கைவிடக்கூடாது. இயந்திரத்தை மட்டும் கற்று, விரலால் உணரக் கற்காத ஒருவரிடம் இந்தத் திரையைக் கொடுப்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

இனி ஆதாரங்கள். முதலில் சுவருக்கு வெளியே போன திருகாணிகளை அளக்க ஒரு கோல் வேண்டும். 1990-இல் கேட்ஸ்பைன், ரொபின்ஸ் இருவரும் அதைத் தந்தார்கள். இரண்டு இரண்டு மில்லிமீற்றர்களாகப் பிரித்து, எலும்புக்குள் முழுதாக இருப்பது முதல் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் விலகியது வரை தரம் பிரிக்கும் வழக்கம் அவர்கள் பெயரால் இன்றும் நடக்கிறது. நெஞ்சின் அடிப்பகுதியிலிருந்து நாரி வரை முண்ணாணைச் சுற்றி ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் பாதுகாப்பு இடைவெளி உண்டு என்பதும் அவர்களின் கணிப்பு. ஸ்கானில் ‘விலகல்’ என்று எழுதப்பட்டதெல்லாம் காயம் அல்ல என்பதை வாசகர் இங்கேயே மனதில் இருத்திக்கொள்ளவேண்டும்.

2000-இல் பின்லாந்தில் லைனே குழுவினர் நூறு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் 13.4 சதவீதத் திருகாணிகள் சுவரைத் துளைத்தன. கணினித் துணையோடு 4.6 சதவீதம். 2007-இல் கோஸ்மோபோலஸ், ஸ்கிஸாஸ் இருவரும் 130 ஆய்வுகளில் வந்த 37,337 திருகாணிகளைத் தொகுத்தார்கள். அவற்றில் 91.3 சதவீதம் சரியான இடத்தில் இருந்தன. உயிருள்ள நோயாளிகளில் நெவிகேஷனோடு துல்லியத்தின் நடு மதிப்பு 95.2 சதவீதம், அது இல்லாமல் 90.3. ஐந்து சதவீத வித்தியாசம் சிறியதுதானே என்று தோன்றும். எல்லா முதுகுகளையும் ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்ததால் வந்த தோற்றம் அது.

அந்தச் சராசரியை உடைத்துக் காட்டிய ஆய்வு நமக்கு மிக அருகில், கோயம்புத்தூரில் நடந்தது. 1978-இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் வளைந்த முதுகுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டு வளைவுள்ள 27 பேர், கூன் விழுந்த 6 பேர், மொத்தம் 33 நோயாளிகள். நெஞ்சுப் பகுதியில் 478 திருகாணிகள்: 242 ஐசோ-சி நெவிகேஷனோடு, 236 அது இல்லாமல். 2007-இல் வெளியான முடிவு தெளிவானது. நெவிகேஷன் இல்லாத பிரிவில் 54 திருகாணிகள், அதாவது 23 சதவீதம், பெடிக்கிளின் சுவரைத் துளைத்தன. நெவிகேஷன் பிரிவில் ஐந்தே ஐந்து, 2 சதவீதம். நெவிகேஷன் இல்லாமல் ஒரு திருகாணியைச் செலுத்தச் சராசரியாக 4.61 நிமிடங்கள் எடுத்தது, நெவிகேஷனோடு 2.37 நிமிடங்கள். இயந்திரம் வந்தால் வேலை இழுபடும் என்ற பொதுவான பயத்துக்கு, தயார்ப்படுத்தும் நேரத்தைத் தனியே வைத்துப் பார்த்தால், இங்கே நேரெதிரான விடை கிடைத்தது. இதே குழு 2010-இல் கழுத்தில் சிக்கலான குறைபாடுள்ள 33 பேருக்கு நெவிகேஷனோடு திருகாணி போட்ட அனுபவத்தையும் வெளியிட்டது. கழுத்தில் பெடிக்கிளை ஒட்டியே மூளைக்குப் போகும் நாடி ஓடுவதால் அங்கே கையால் போடத் துணிபவர்கள் குறைவு.

இந்த ஆய்வு கோயம்புத்தூரில் பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தமிழகத்தில் முள்ளந்தண்டுக் காசநோய்க்கு நீண்ட ஆய்வு மரபு உண்டு. மெட்ராஸில் நடந்த மருத்துவப் பரிசோதனைகள் மருந்தாலேயே அந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று நிறுவ உதவின. நோய் மாறிய பிறகும் சில பிள்ளைகளுக்கு வளர வளரக் கூன் பெருகிக்கொண்டே போவதை ராஜசேகரன் பல ஆண்டு எக்ஸ்ரேக்களில் பின்தொடர்ந்து, யாருடைய முதுகு ஆபத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களை 2001-இல் வகுத்தார். அப்படிப்பட்ட முதுகில் எலும்புகள் ஒட்டி, மடங்கி, இடம் மாறிப் போயிருக்கும். வழக்கமான அடையாளங்களை நம்பித் திருகாணி போட அங்கே வழியில்லை. அந்த முதுகுகளைத் தினமும் பார்த்தவர்களுக்குத்தான் இயந்திரத்தின் அவசியம் முதலில் உறைத்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும். 2010-இல் வர்மாவும் சகாக்களும் இங்கிலாந்திலிருந்து 23 ஆய்வுகளையும் 5,992 திருகாணிகளையும் சேர்த்து அலசினார்கள். துல்லியத்தில் நெவிகேஷன் ஐயமின்றி முந்தியது. நரம்புச் சேதத்தில் புள்ளியியல் முறைப்படி நிறுவத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. எலும்பு ஒட்டியதா, நோவு தணிந்ததா, மனிதர் வேலைக்குத் திரும்பினாரா என்பதைப் பற்றிச் சொல்லப் போதிய தரவே இல்லை. நரம்புச் சேதம் எந்த முறையிலும் அரிது. அரிதான ஒன்றில் வேறுபாட்டைக் காட்ட மிகப் பெரிய எண்ணிக்கை வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் நோயாளிக்கு வேண்டியது அழகான ஸ்கான் படம் அல்ல; நடக்கும் கால், நோவில்லாத நாரி. அதை அளக்காமல் இயந்திரத்தின் விளம்பரத்தில் துல்லியச் சதவீதத்தை மட்டும் அச்சிடுவது நோயாளிக்குப் பாதி உண்மையைக் கொடுப்பதாகும்.

ரோபோக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இஸ்ரேலில் உருவான ஸ்பைன்அசிஸ்ட் கருவியை ஜெர்மனியில் ரிங்கல் குழுவினர் குலுக்கல் முறையில் சோதித்து 2012-இல் வெளியிட்டபோது, கையால் போட்டதில் 93 சதவீதமும் ரோபோவால் போட்டதில் 85 சதவீதமும் நல்ல நிலையில் இருந்தன. அடுத்தடுத்த தலைமுறைக் கருவிகள் மிகவும் முன்னேறிவிட்டன. 2019-இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸ்விஷன் கருவி, நிபுணரின் கண்ணாடியிலேயே எலும்பின் படத்தைக் காட்டுகிறது. புதியது என்பதாலேயே மேலானது என்று கொள்ளவேண்டாம் என்பதற்கு 2012-இன் அந்த முடிவு போதும்.

இனி கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையில் முள்ளந்தண்டுச் சிகிச்சை என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு நிபுணரைச் சனல் பண்ணுவார்கள், பிறகு இன்னொருவரை. எம்.ஆர்.ஐ. படங்கள் வட்ஸ்அப்பில் ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகும். அங்கிருந்து ஒரு மருமகனோ மச்சாளோ “கோயம்புத்தூர் கொண்டு போங்கோ, சென்னை கொண்டு போங்கோ, அங்க கொம்பியூட்டர் பார்த்துச் செய்யினம்” என்பார்கள். விசா, விமானச் சீட்டு, துணைக்கு ஒருவர், வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கு இது முடியும். கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்குப் போகும் வீட்டில் அதே செய்தி வேறு பாதையில் போகும்: தேசிய வைத்தியசாலை, கிளினிக் திகதி, காத்திருப்பு. சிலர் செட்டியார் தெருவில் நகையை வைத்துப் பணம் திரட்டுவார்கள். சிலர் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதுவார்கள்.

இந்த இரு வீட்டாருக்கும் முதலில் சொல்லப்படவேண்டிய செய்தி ஒன்றுதான், அது சொல்லப்படுவதில்லை. நாரியில் நான்காம், ஐந்தாம் முள்ளென்புகளில், எலும்பின் வடிவம் கெடாத ஒரு பெரியவருக்கு நான்கு திருகாணி போடுவதற்கு, அதைத் தொடர்ந்து செய்துவரும் கையும் ஒரு நல்ல சீ-ஆர்மும் போதும். அங்கே மில்லிமீற்றர்கள் தாராளமாக இருக்கின்றன. அதற்காக ஒரு குடும்பம் நகையை விற்றுக் கடல் கடக்கவேண்டியதில்லை. கடந்து போனால் வேறொரு சிரமமும் உண்டு: மூன்று மாதம் கழித்துக் காயத்தில் சீழ் வைத்தாலோ திருகாணி தளர்ந்தாலோ, அதைப் போட்டவர் அக்கரையில் இருப்பார். பார்க்கவேண்டியவர் களுபோவிலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ அன்று கடமையில் இருக்கும் டொக்டர். அவர் கையில் முதல் சிகிச்சையின் குறிப்பும் இருக்காது.

மறுபக்கம், பன்னிரண்டு வயதில் முதுகு வளைந்து முறுகிய ஒரு பெண் பிள்ளை, காசநோய்க் கூன், தலையும் கழுத்தும் சேரும் இடத்துக் குறைபாடு, ஏற்கெனவே ஒருமுறை திறந்து மூடிய முதுகு, புற்றுநோய் தின்ற முள்ளென்பு. இவர்களுக்கு நெவிகேஷன் ஆடம்பரம் அல்ல. கங்காவின் 23-க்கு 2 என்ற எண்கள் இத்தகைய முதுகுகளைப் பற்றியவை. பணம் உள்ளவரின் நேரான நாரிக்கு இயந்திரமும், பணம் இல்லாத பிள்ளையின் வளைந்த முதுகுக்கு வெறும் கையும் என்று ஆகுமானால், தொழில்நுட்பம் தலைகீழாகப் பங்கிடப்படுகிறது என்று பொருள். இதை நான் மருத்துவக் கேள்வியாக மட்டும் பார்க்கவில்லை. இலவச மருத்துவத்தைக் கட்டிக் காத்த நாட்டில் இது நீதியின் கேள்வியும் ஆகும்.

ஆகவே இத்தகைய இயந்திரத்துக்கு உரிய இடம் அரச துறையில், நாடு முழுவதிலிருந்தும் சிக்கலான முதுகுகள் அனுப்பப்படும் ஒரு மையம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வரும் பிள்ளைக்கு அங்கே முன்னுரிமை. தொடர்ந்து அதே வேலை நடந்தால்தான் கைகளும் பழகும். வாங்கும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பளபளக்கும் குண்டுகள் பல முறைகளில் ஒரே தடவைக்குத்தான்; ஒவ்வொரு சிகிச்சைக்கும் புதிதாக வேண்டும். மென்பொருள், பராமரிப்பு ஒப்பந்தம், படம் எடுக்கத் தெரிந்த கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளர், இவையெல்லாம் கணக்கில் வரவேண்டும். 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்ததை நாம் கண்டோம். டொலர் இல்லாத ஒரு வருடத்தில் குண்டுகள் வராவிட்டால், கோடிக்கணக்கான ரூபாய் பெறுமதியான இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கும்.

அப்படியான வருடங்களுக்காகவே இன்னொரு வழியை இப்போதே பழகிவைக்கவேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நோயாளியின் சி.ரி. ஸ்கானைக் கணினியில் எடுத்து, ஒவ்வொரு திருகாணியின் வழியையும் முன்கூட்டியே வரைந்து, அந்த முள்ளென்பின் பின்புறத்தில் மட்டும் பொருந்தி உட்காரும் ஒரு பிளாஸ்டிக் அச்சை முப்பரிமாண அச்சியந்திரத்தில் வார்க்கிறார்கள். அச்சில் இரண்டு குழாய்கள். துளைக்கருவி அந்தக் குழாய்க்குள்ளால்தான் போகமுடியும். கமரா வேண்டாம், குண்டுகள் வேண்டாம். எலும்பின் மேல் ஒட்டிய தசைத் துணுக்குகளை முற்றாகச் சுரண்டி எடுக்காவிட்டால் அச்சு சரியாக உட்காராது என்பது இதன் பலவீனம். அவசர விபத்துக்கு வார்க்க நேரமும் இருக்காது. வளைவு போன்ற திட்டமிட்ட சிகிச்சைக்கு நாட்கள் தாராளமாக உண்டு. வெள்ளவத்தையிலிருந்து அதே காலி வீதியில் தெற்கே போனால் கட்டுபெத்தையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே உயிரியல் மருத்துவப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அந்த மாணவர்களும் தியேட்டரில் நிற்கும் நிபுணர்களும் ஒரு மேசையில் அமர்ந்து அச்சு வார்ப்பதற்கு வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.

எந்த வழியில் போட்டாலும், தையல் போடுமுன் மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுத்துப் பார்க்க முடிவது இந்த இயந்திரங்களின் மிகப் பெரிய கொடை என்பது என் கணிப்பு. வழி தவறிய திருகாணியை அப்போதே மாற்றிவிடலாம். இரண்டு நாள் கழித்துக் கால் மரத்த பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு மயக்கம், இன்னொரு காயம், குடும்பத்துக்கு இன்னொரு இரவு. சேதம் ஆறாவிட்டால் அந்த மனிதரின் மீதி வாழ்க்கை ராகம வாத நோய், புனர்வாழ்வு வைத்தியசாலையில் தொடங்கும். முண்ணாண் சிதைந்த வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதைப் போருக்குப் பிறகு வடக்கில் நாம் வீடு வீடாகப் பார்த்திருக்கிறோம்.

நோயாளியும் கேட்கலாம், கேட்கவேண்டும். எந்த முள்ளென்பில் போடுகிறீர்கள், என் முதுகில் எலும்பின் வடிவம் கெட்டிருக்கிறதா, இந்தச் சிகிச்சையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா, போட்ட பிறகு சரியான இடத்தில் இருப்பதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? ‘கொம்பியூட்டர் இருக்கிறதா’ என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான். படங்களை டிஸ்க்கில் வாங்கி வைப்பதும், எந்த நிறுவனத்தின் எந்த அளவுத் திருகாணி என்ற ஒட்டுத்தாளின் பிரதியைக் கோப்பில் வைப்பதும் மறுசிகிச்சை வந்தால் பெரிதும் உதவும்.

வைத்தியசாலைகள் செய்யவேண்டியது ஒரு பக்கப் படிவம். வயது, நோய், எந்த முள்ளென்பு, எத்தனை திருகாணி, கையாலா, அச்சாலா, நெவிகேஷனாலா, எத்தனை விலகின, எத்தனையை மாற்றினார்கள், ஆறு மாதத்தில் நோவு எப்படி, ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பினாரா. முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நடக்கும் ஒவ்வோர் அரச வைத்தியசாலையும் தனியார் வைத்தியசாலையும் இதையே நிரப்பிச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பினால், வர்மா குழுவினர் தேடிக் கிடைக்காத தரவு சில வருடங்களில் இந்தத் தீவிலேயே சேரும். அடுத்த இயந்திரத்துக்கான விலைமனுவை அதைப் பார்த்து எழுதலாம்.